தாய்ப்பால் குடிச்சா குழந்தைக்குப் பல் சொத்தையாகுமா?

(ஒலிப்பதிவின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு நடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



இன்றைய எபிசோடுக்கு நான் வேறொரு தலைப்பு எடுத்து வைத்திருந்தேன். போன வாரம் ஜெயங்கொண்டம் பக்கத்திலிருந்து ஒரு அம்மா வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் பதிவைக் கேட்டதும் அதைத் தள்ளி வைத்துவிட்டேன். பெயர் சொல்லவில்லை, ஊரும் சொல்லவில்லை. ஆனால் அவங்க சொன்னதை அவங்க அனுமதியோடு சொல்கிறேன்.

"டாக்டரம்மா, என் பாப்பாவுக்கு ஒண்ணே முக்கால் வயசு. மேல் வரிசையில முன்பல்லு நாலும் பழுப்பாகி, ஓரம் உடைஞ்சு வருது. ராத்திரில பால் குடுத்துக்கிட்டே தூங்கிடுறேன், அதனாலதான் இப்படின்னு அத்தை சொல்றாங்க. காட்டப் போன இடத்துலயும் பாலை நிறுத்துன்னுட்டாங்க. மூணு நாளா மார்ல வேப்பெண்ணெய் தடவிக்கிட்டு இருக்கேன். புள்ள அழுது, நானும் அழுவுறேன். நான்தான் என் புள்ள பல்லைக் கெடுத்துட்டனா?"

அந்தக் கடைசிக் கேள்விக்காகத்தான் இந்த எபிசோடு.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லைம்மா. நீங்க கெடுக்கவில்லை. பாலை நிறுத்துவதும் இதற்கு வைத்தியம் இல்லை. பல் துலக்காமல் விட்டதும், பகலில் கைமாறிக் கைமாறி வாய்க்குள் போன சீனியும்தான் இங்கே பெரிய குற்றவாளிகள். ராத்திரிப் பாலுக்கு இதில் ஒரு பங்கு உண்டா? சில சமயம் உண்டு. எப்போது, எவ்வளவு என்று பார்ப்போம். ஏன் இதை இவ்வளவு அழுத்தமாகச் சொல்கிறேன் என்றால், இதே தப்பை நான் செய்திருக்கிறேன்.

நான் சொன்ன தப்பான யோசனை

படிப்பு முடித்து வந்த புதிது. பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகிற வழியில் சின்ன கிளினிக். பதினாலு மாதக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு அம்மா வந்தாங்க. மேல் முன்பல்லில், ஈறை ஒட்டிச் சுண்ணாம்புக் கோடு மாதிரி வெள்ளைத் தடம். சொத்தையின் முதல் அடையாளம் அது. "ராத்திரி பால் குடுக்கிறீங்களா?" என்றேன். "ஆமாங்க." "நிறுத்திடுங்க" என்றேன். அவ்வளவுதான். மூணு நிமிஷத்தில் அனுப்பிவிட்டேன்.

எட்டு மாதம் கழித்து அதே அம்மா திரும்ப வந்தாங்க. முன்பல் நாலும் ஈறு மட்டத்துக்கு உடைந்திருந்தது. பின்னால் புதிதாக முளைத்த கடைவாய்ப் பல்லிலும் ஓட்டை. என்ன குடுக்கிறீங்க என்று அன்றைக்குத்தான் உட்கார்ந்து கேட்டேன். நான் சொன்னபடியே தாய்ப்பாலை நிறுத்தியிருக்காங்க. புள்ள தூங்க மாட்டேன் என்று அழுதிருக்கிறது. அப்பாயி ஒரு பால் பாட்டில் வாங்கி, மாட்டுப்பாலில் ரெண்டு ஸ்பூன் சீனி போட்டு, வாயில் வைத்துத் தூங்க வைத்திருக்காங்க. ராத்திரிக்கு ரெண்டு பாட்டில்.

அந்த அம்மா என்மேல் கோபப்படவில்லை. "நீங்க சொன்னதைத்தாங்க செஞ்சேன்" என்று மட்டும் சொன்னாங்க. இன்னைக்கும் என் காதில் இருப்பது அந்த வார்த்தைதான். எதை நிறுத்தணும் என்று சொன்ன நான், அந்த இடத்தில் எது வரப்போகிறது என்று கேட்கவே இல்லை.

பல் எப்படிக் கரைகிறது?

நம்ம ரெண்டு மாவட்டத்துக்காரங்களுக்கு இதைப் புரிய வைப்பது சுலபம். அரியலூர் என்றாலே சுண்ணாம்புக்கல், சிமெண்ட் ஆலை. அந்தக் கல்லில் ஒரு துண்டை எடுத்து எலுமிச்சம்பழம் பிழிந்து பாருங்கள், நுரைத்துக்கொண்டு கரையும். சுண்ணாம்புக்கல் கால்சியம் கார்பனேட். நம் பல் கால்சியம் பாஸ்பேட். ரெண்டும் வேறு பொருள், பல் இன்னும் கெட்டி. ஆனால் ரெண்டுக்கும் எதிரி ஒன்றுதான்: அமிலம்.

இன்னொன்றும் இருக்கு. பெரம்பலூர் மாவட்டத்தில் காரை கிராமத்தைச் சுற்றியுள்ள செம்மண் ஓடைகளில் புதைபடிவம் தேடுகிறவர்களுக்குச் சுறாமீன் பல் கிடைக்கும். ஏறத்தாழ 10 கோடி வருஷத்துக்கு முன்னால் இங்கே கடல் இருந்தபோது நீந்திய சுறாவின் பல். சதை, குருத்தெலும்பு எல்லாம் போய்விட்டது, பல் மட்டும் நிற்கிறது. அவ்வளவு கெட்டியான பொருள் பல். அதே வகைப் பொருளால் ஆன நம்ம குழந்தையின் பல், வாய்க்குள் ஆறே மாதத்தில் கரைகிறது என்றால் அந்த வாய்க்குள் என்ன நடக்கிறது?

நடப்பது இதுதான். வாயில் கிருமிகள் எப்போதும் உண்டு. அதில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் என்றொரு வகை சொத்தைக்குப் பேர் போனது. நாம் சீனி சாப்பிட்டால் அதுவும் சாப்பிடும், சாப்பிட்டு அமிலத்தை வெளியே விடும். அமில அளவைக் காட்டும் பிஎச் எண் சுமார் 5.5க்குக் கீழே போனால் பல்லின் மேல்பூச்சான எனாமலிலிருந்து கால்சியம் கழன்று வர ஆரம்பிக்கும். ஒரு தடவை இனிப்பு சாப்பிட்டால் ஏறத்தாழ அரை மணி நேரம் இது நடக்கும். அதன்பிறகு எச்சில் வந்து அமிலத்தைக் கழுவி, கால்சியத்தைத் திரும்பப் பல்லில் சேர்க்கும். கரைவதும் சேர்வதும் நாள் முழுக்க மாறி மாறி நடக்கிற விஷயம். சேர்வதற்கு நேரம் குடுக்காமல் மறுபடி மறுபடி இனிப்பு போய்க்கொண்டே இருந்தால் சொத்தை.

அதனால் எவ்வளவு இனிப்பு என்பதைவிட எத்தனை தடவை என்பதுதான் முக்கியம். ஒரே தடவை முழு லட்டு தின்ற குழந்தையைவிட, ஒரு பிஸ்கட் பாக்கெட்டை காலையிலிருந்து சாயங்காலம் வரை கடித்துக்கொண்டே திரிகிற குழந்தையின் பல்லுக்குத்தான் ஆபத்து அதிகம்.

பால் பல்லுக்கு இன்னொரு பலவீனம் உண்டு. அதன் எனாமல் நிரந்தரப் பல்லில் இருப்பதில் ஏறத்தாழ பாதி கனம்தான். சொத்தை ஆரம்பித்தால் உள்ளே நரம்பு வரை போக அதிக நாள் ஆகாது.

"பல்லில் பூச்சி விழுந்துடுச்சு" என்று சொல்கிறோமே, அது புழு இல்லை, கண்ணுக்குத் தெரியாத கிருமி. கண்டங்கத்திரி விதையை நெருப்பில் போட்டுப் புகை பிடித்து "பூச்சி எடுக்கிற" பழக்கம் நம்ம பக்கம் இன்னும் சில இடத்தில் இருக்கு. அந்தப் புகையால் சொத்தை ஆறாது. சின்னக் குழந்தைக்கு வாயும் தொண்டையும் வெந்துபோகும். தயவுசெய்து வேண்டாம்.

அப்போ தாய்ப்பாலில் இனிப்பு இல்லையா?

இருக்கு. லாக்டோஸ் என்கிற பால் சர்க்கரை. 100 மில்லி தாய்ப்பாலில் சுமார் 7 கிராம், மாட்டுப்பாலில் சுமார் 5 கிராம். இதை வைத்துத்தான் பலரும் தாய்ப்பால்தான் காரணம் என்கிறார்கள். கணக்கு அவ்வளவு நேரானதில்லை.

முதலாவது, சொத்தைக் கிருமிக்கு லாக்டோஸைவிடச் சீனிதான் ரொம்பப் பிடித்த தீனி. சீனியிலிருந்து அது அமிலம் மட்டும் செய்யாது, பசை மாதிரி ஒன்றைச் செய்து பல்லில் கெட்டியாக ஒட்டிக்கொள்ளும். லாக்டோஸிலிருந்து அந்தப் பசையைச் செய்ய முடியாது. இரண்டாவது, தாய்ப்பாலில் கால்சியம், பாஸ்பேட், கிருமியை எதிர்க்கும் லாக்டோஃபெரின், நோய் எதிர்ப்புப் புரதங்கள் எல்லாம் இருக்கு.

1999இல் ஓர் ஆய்வகத்தில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். தாய்ப்பாலில் மட்டும் வைத்த பல் 12 வாரம் ஆன பிறகும் கரையவில்லை. அதே தாய்ப்பாலில் 10 சதவீதம் சீனி கலந்தபோது மூணே வாரத்தில் எனாமலைத் தாண்டி உள்ளே ஓட்டை போய்விட்டது. ஆய்வகம் வேற, குழந்தையின் வாய் வேற. ஆனாலும் ஆட்டத்தை மாற்றுவது எது என்று அது காட்டுகிறது. பகல் முழுக்க பிஸ்கட்டும் மிட்டாயும் தின்று, துலக்காத பல்லோடு படுக்கிற குழந்தை ராத்திரி தாய்ப்பால் குடித்தால், அந்த வாயில் நடப்பது இரண்டாவது சோதனைதான்.

குழந்தைகளிடம் நேரடியாகப் பார்த்த ஆய்வுகள் என்ன சொல்கின்றன? 2015இல் உலகெங்கும் வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். முதல் ஒரு வயது வரை தாய்ப்பால் குடித்த குழந்தைகளுக்குச் சொத்தை குறைவாகவே இருந்தது. அதாவது அந்த வயதில் தாய்ப்பால் பல்லுக்குக் காவல். ஒரு வயதுக்கு மேல், குறிப்பாக ராத்திரியில் அடிக்கடி குடித்த குழந்தைகளிடம் சொத்தை கூடுதலாகத் தெரிந்தது. ஆனால் அந்த ஆய்வுகளில் பலவற்றில், அந்தக் குழந்தைகள் சீனி எவ்வளவு சாப்பிட்டார்கள், பல் துலக்கினார்களா என்பதைச் சரியாகப் பிரித்துப் பார்க்கவில்லை.

அதைப் பிரித்துப் பார்த்த ஆய்வு பிரேசிலில் பெலோட்டாஸ் என்ற ஊரில் நடந்தது. 2004இல் பிறந்த குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து, 5 வயதில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் பல்லைப் பார்த்தார்கள். சீனிப் பழக்கத்தையும் கணக்கில் சேர்த்தார்கள். 2017இல் முடிவு வந்தது. ஒரு வயது வரை குடித்தவர்களுக்கும், ஒன்றிலிருந்து ரெண்டு வயதுக்குள் நிறுத்தியவர்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ரெண்டு வயது தாண்டியும் குடித்தவர்களுக்குக் கடுமையான சொத்தைக்கான வாய்ப்பு 2.4 மடங்கு.

இதை நான் மறைக்க மாட்டேன். ரெண்டு வயதுக்கு மேல் ராத்திரி முழுக்க மார்பிலேயே வாய் வைத்துத் தூங்கும் பழக்கம் இருந்தால் பல்லுக்கு ஆபத்து கூடும். தூங்கும்போது எச்சில் ரொம்பக் குறைந்துவிடும். கழுவ ஆள் இல்லாத நேரத்தில் பால் பல்லின் மேல் தங்கிவிடும். கீழ் முன்பல்லை நாக்கு மூடிக் காப்பாற்றும். மேல் முன்பல்லுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அதனால்தான் எப்போதும் மேல் முன்பல் நாலும் முதலில் போகும்.

ஆனால் ஜெயங்கொண்டம் பாப்பாவுக்கு ஒண்ணே முக்கால் வயசு. உலக சுகாதார நிறுவனம் முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும், பிறகு இணை உணவோடு சேர்த்து 2 வயது வரையும் அதற்கு மேலும் தாய்ப்பால் என்கிறது. பல்லுக்காக அதை வெட்ட வேண்டிய கட்டாயம் இல்லை. பல் துலக்கலும் சீனிக் கட்டுப்பாடும்தான் கட்டாயம்.

பகலில் வாய்க்குள் போனது என்ன?

அந்த அம்மாவுக்கு நான் போன் போட்டேன். இந்தத் தடவை மூணு நிமிஷத்தில் முடிக்கவில்லை. "காலையில எந்திரிச்சதுலேர்ந்து ராத்திரி வரை பாப்பா வாயில என்னென்ன போச்சுன்னு ஒவ்வொண்ணா சொல்லுங்கம்மா" என்றேன்.

காலையில் தாத்தா டீக்கடைக்குத் தூக்கிட்டுப் போறார். டீயில் நனைத்த பன் கொஞ்சம். ஒன்பது மணிக்கு இட்லியில் சீனி தொட்டு. அம்மா முந்திரிக் காட்டு வேலைக்குப் போனால் பாப்பா அப்பாயியிடம். பதினொரு மணிக்குச் சீனி போட்ட பால் பாட்டில், அப்படியே தூக்கம். மூணு மணிக்குப் பக்கத்து வீட்டில் ஒரு சாக்லேட். சாயங்காலம் மறுபடி பிஸ்கட். இருமல் இருந்ததால் ராத்திரி ஒரு ஸ்பூன் சிரப், அதுவும் இனிப்பு. அதன்பிறகுதான் அம்மாவின் பால்.

பல் துலக்குவது? "இன்னும் ஆரம்பிக்கலைங்க, சின்னப் புள்ளைதானேன்னு..."

பாருங்க. ஆறு தடவை இனிப்பு, ஒரு தடவை கூட பிரஷ் இல்லை. குற்றம் மட்டும் ஏழாவதாக வந்த தாய்ப்பாலின் மேல். ஏன்? மற்ற ஆறையும் குடுத்தது வேற வேற கை. பாசத்தோடு குடுத்த கை. ஏழாவதைக் குடுப்பது மட்டும் அம்மா. வீட்டில் எது நடந்தாலும் கடைசியில் அம்மா தலையில் வந்து விடியும் இல்லீங்களா, அதே கதைதான்.

நான் அப்பாயியையும் தாத்தாவையும் திட்டச் சொல்லவில்லை. பருத்தி எடுக்கவும் மக்காச்சோளம் ஒடிக்கவும் முந்திரி பொறுக்கவும் அம்மா போனால் புள்ளையைப் பார்த்துக்கொள்வது அவங்கதான். அழும் புள்ளையைச் சமாளிக்கக் கையில் இருப்பது ஐந்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட். அவங்களுக்குத் தெரிய வேண்டியது, அழுகைக்கு இனிப்பு இல்லாத வேற வழிகளும் உண்டு என்பதுதான்.

சரி, என்ன செய்யணும்?

ஒன்று, முதல் பல் முளைத்த நாளிலிருந்து துலக்கணும். பெரும்பாலும் ஆறு மாதத்தை ஒட்டிக் கீழ்ப்பல் வரும், அன்றைக்கே ஆரம்பியுங்கள். சின்னத் தலை உள்ள மிருதுவான பிரஷ். ஃப்ளூரைடு 1000 பிபிஎம் உள்ள பேஸ்ட், ஒரு அரிசி அளவு. பிரஷ் முழுக்க விளம்பரத்தில் காட்டுகிற மாதிரி பிதுக்க வேண்டாம். மூணு வயதுக்கு மேல் ஒரு பட்டாணி அளவு. செங்கல் பொடி, சாம்பல், உப்பு எதுவும் வேண்டாம், எனாமலைத் தேய்த்துவிடும்.

"விழுங்கிடுமே?" என்று கேட்பீங்க. அரிசி அளவு பேஸ்டில் இருப்பது ஏறத்தாழ 0.1 மில்லிகிராம் ஃப்ளூரைடு. அதற்குப் பயப்பட வேண்டாம். உங்கள் ஊர் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் ஃப்ளூரைடு அதிகம் என்று பரிசோதனையில் தெரிந்திருந்தால் மட்டும் பல் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு ஆரம்பியுங்கள்.

ஃப்ளூரைடு என்ன செய்யும்? காரையில் கிடைக்கிற சுறாப் பல்லைச் சொன்னேனே, சுறாவின் பல்லுக்கு மேல்பூச்சே இயற்கையாக ஃப்ளூரைடு கலந்த தாதுதான். அது சாதாரணப் பல் தாதுவைவிட அமிலத்தில் லேசில் கரையாது. பேஸ்டில் உள்ள ஃப்ளூரைடு நம் குழந்தையின் எனாமலிலும் அதையே கொஞ்சம் கொஞ்சமாகச் செய்கிறது.

ரெண்டு, ராத்திரித் துலக்கல்தான் பெரிய துலக்கல். காலையில் ஒரு நாள் விட்டுப்போனாலும் போகட்டும், ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் துலக்காமல் படுக்க வைக்காதீங்க. துலக்கிய பிறகு தாய்ப்பாலும் தண்ணீரும் மட்டும். பாட்டில் வேண்டாம், பிஸ்கட் வேண்டாம். சுத்தமான பல்லின் மேல் தாய்ப்பால் படுவதும், சீனி ஒட்டிய பல்லின் மேல் படுவதும் ஒன்றில்லை.

எப்படித் துலக்குவது? ரெண்டு பேர் எதிரெதிரே முட்டியோடு முட்டி சேர உட்காருங்கள். குழந்தையின் தலை ஒருவர் மடியில், கால் இன்னொருவர் மடியில். மேல் உதட்டை விரலால் தூக்கி, ஈறு ஓரத்தில் பிரஷை வையுங்கள். ஒரு நிமிஷம் போதும். அழுதால் வாய் நல்லா திறக்கும், அதுவும் நமக்கு வசதிதான். இந்த வேலைக்கு அப்பாக்கள் வரலாம். பால் குடுக்க முடியாது, பிரஷ் பிடிக்க முடியும் இல்லையா?

மூணு, சீனி. ரெண்டு வயது வரை பாலில் சீனி வேண்டாம். அதுவரை பழகாத நாக்கு அதைக் கேட்காது. 2023இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட இணை உணவு வழிகாட்டுதலும் 6 மாதம் முதல் 23 மாதம் வரை இனிப்புப் பானம், சர்க்கரை அதிகமான உணவு வேண்டாம் என்கிறது. வெல்லம், நாட்டுச்சர்க்கரை, தேன், பனங்கற்கண்டு எல்லாம் பல்லுக்குச் சீனியின் தம்பிதான். ஒரு வயதுக்குள் தேன் அறவே கூடாது, அதில் பல்லைவிடப் பெரிய ஆபத்து இருக்கு.

அப்போ அங்கன்வாடி சத்துமாவில் வெல்லம் இருக்கே என்றால், அதை நிறுத்தாதீங்க. அது சாப்பாடு, வளர்ச்சிக்கு வேணும். கஞ்சியாகவோ கொழுக்கட்டையாகவோ ஒரே வேளையில் குடுத்துவிட்டு, பின்னால் ரெண்டு மடக்கு தண்ணீர் குடுங்கள். உருண்டை பிடித்துக் கையில் குடுத்து மணிக்கணக்கில் கடிக்க விடுவதுதான் தப்பு. அழுகைக்கு நிலக்கடலைக்கூழ், அவித்த முட்டை, வாழைப்பழம், சாதத்தில் மோர், இப்படி எதையாவது குடுத்துப் பழக்குங்கள். முழு நிலக்கடலை மட்டும் சின்னக் குழந்தைக்கு வேண்டாம், மூச்சுக்குழலில் போய் அடைத்துக்கொள்ளும்.

நாலு, பால் பாட்டில். ஒரு வயதானதும் டம்ளருக்கு மாற்றுங்கள். பாட்டிலோடு தூங்க வைப்பதால் பல் கெடுவதைப் பற்றி மருத்துவ இதழ்களில் எழுத ஆரம்பித்தே 60 வருஷத்துக்கு மேல் ஆகிறது. 1962இல் இதற்கு அமெரிக்கப் பல் மருத்துவர் ஒருவர் வைத்த பெயரே 'பால் பாட்டில் வாய்' என்ற பொருளில்தான்.

ஐந்து, அம்மா அப்பா பல். சொத்தைக் கிருமி குழந்தைக்குப் பெரும்பாலும் பெரியவர்களின் எச்சிலிலிருந்துதான் போகிறது. மென்று ஊட்டுவது, ஸ்பூனை நாம் ருசி பார்த்துவிட்டு அதையே குழந்தை வாயில் வைப்பது வேண்டாம். உங்கள் வாயில் சொத்தை இருந்தால் கர்ப்ப காலத்திலேயே சரி செய்துகொள்ளுங்கள்.

ராத்திரிப் பால்? ஒரு வயது வரை கேட்கும்போதெல்லாம் குடுங்கள். ஒன்றரை வயதுக்கு மேல், அதுவும் பல்லில் ஏற்கெனவே வெள்ளைத் தடம் தெரிந்தால், மெதுவாகக் குறைக்கலாம். ஒரே நாளில் வேப்பெண்ணெய் தடவி வெட்டாதீங்க. குடித்துத் தூங்கியதும் மார்பை வாயிலிருந்து மெல்ல எடுத்துவிடுங்கள். நடு ராத்திரி மூணு தடவை என்றால், முதலில் ரெண்டு ஆக்குங்கள், பிறகு ஒன்று. பகல் பாலில் கை வைக்க வேண்டிய தேவையே இல்லை.

ஏற்கெனவே சொத்தை வந்துவிட்டால்?

"பால் பல்லுதானே, விழுந்து முளைக்கப்போகுது" என்பார்கள். முன்பல் விழ ஆறு, ஏழு வயது ஆகும். கடைவாய்ப் பால் பல் பத்து, பன்னிரண்டு வயது வரை இருக்கணும். அதுவரை வலியோடு ஒரு குழந்தை மெல்ல முடியாமல், தூங்க முடியாமல், எடை ஏறாமல் இருக்கலாமா? சீழ் பிடித்தால் உள்ளே காத்திருக்கும் நிரந்தரப் பல்லும் கெடும். 2002-03இல் நடந்த தேசிய வாய்நல ஆய்வில் 5 வயதுக் குழந்தைகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்குச் சொத்தை இருந்தது. அவ்வளவு சாதாரணமாகிவிட்டதால்தான் நாம் கண்டுகொள்வதில்லை.

மாதம் ஒரு தடவை வெளிச்சத்தில் மேல் உதட்டைத் தூக்கிப் பாருங்கள். ஈறை ஒட்டி வெள்ளைக் கோடு இருந்தால் நல்ல நேரத்தில் பார்த்துவிட்டீர்கள், துலக்கலும் ஃப்ளூரைடு வார்னிஷும் சேர்ந்தால் அதைத் திரும்பக் கெட்டியாக்க முடியும். பழுப்பு, ஓட்டை என்றால் மருத்துவரிடம் போங்கள். ஈறில் கொப்புளம், கன்னம் வீக்கம், காய்ச்சல் என்றால் அன்றைக்கே போகணும்.

சின்னக் குழந்தைக்கு டிரில் போட முடியுமா என்று பயப்படுவீங்க. எல்லாவற்றுக்கும் டிரில் வேண்டியதில்லை. சில்வர் டையமைன் ஃப்ளூரைடு என்றொரு சொட்டு மருந்து இருக்கு. சொத்தையில் தடவினால் பெரும்பாலும் அது பரவாமல் நின்றுவிடும். ஊசி இல்லை, வலி இல்லை. சொத்தை இருந்த இடம் கறுப்பாகிவிடும், அது ஒன்றுதான் குறை. 2021இல் உலக சுகாதார நிறுவனம் இதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. எந்தக் குழந்தைக்கு இது பொருந்தும் என்பதை மருத்துவர் பார்த்துச் சொல்வார்.

எங்கே போவது? 2013இல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. என்கிற சிறார் நலத் திட்டத்தில் மருத்துவக் குழு வருஷத்துக்கு ரெண்டு தடவை அங்கன்வாடிக்கு வரணும். அவர்கள் பார்க்க வேண்டிய பட்டியலில் பல்லும் இருக்கு. வரும்போது "பல்லையும் பாருங்க" என்று வாய்விட்டுக் கேளுங்கள். அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும், பெரம்பலூர் அரசு தலைமை மருத்துவமனையிலும் காட்டலாம். எங்கே போவது என்று தெரியவில்லை என்றால் 104க்குப் போன் போட்டுக் கேளுங்கள், தமிழிலேயே பதில் சொல்வார்கள்.

அந்த அம்மாவுக்கு

வேப்பெண்ணெயை அன்றைக்கே கழுவிவிடச் சொன்னேன். ரெண்டு நாள் கழித்து பாப்பாவோடு அவங்க வந்தாங்க, கூடவே அவங்க அத்தையும். பாப்பாவின் மேல் பல் நாலிலும் மருந்து தடவினோம். பல் கறுப்பாகும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டேன். ராத்திரிப் பாலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்போம் என்று பேசிக்கொண்டோம். அத்தைக்கு மடியில் படுக்க வைத்துத் துலக்குவது எப்படி என்று காட்டினேன். ரெண்டாவது தடவை அவங்களே என் கையிலிருந்து பிரஷை வாங்கிக்கொண்டார்கள்.

போகும்போது அத்தை கேட்டாங்க: "அப்ப பாட்டில்ல சீனி போட்டது நான்தானே டாக்டரம்மா?"

"நீங்களும்தான், தாத்தாவும்தான், பக்கத்து வீடும்தான். பத்து வருஷத்துக்கு முன்னாடி சரியா சொல்லாம விட்ட நானும்தான். இனிமே என்ன செய்யறோம்னு பாப்போம்" என்றேன்.

இதைக் கேட்கிறவங்க வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால், இன்னைக்கு ராத்திரி தூங்கறதுக்கு முன்னால் ஒரு தடவை மேல் உதட்டைத் தூக்கிப் பாருங்கள். பார்த்துவிட்டு, துலக்கிவிட்டு, அம்மாவிடம் பால் குடிக்க விடுங்கள். சந்தேகம் இருந்தால் குரல் பதிவு அனுப்புங்கள், அழுதுகொண்டே அனுப்பினாலும் பரவாயில்லை.

அடுத்த எபிசோடில் பல் முளைக்கும்போது காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் வருமா என்று பேசுவோம்.